மடக்கு மேசையார் மகாத்மியம்

தம்பி, வீடு வீடாகப் போய் உடம்பு பிடித்துவிடும் தொழிலில் இறங்கப் போவதாகவும், எந்த மடக்கு மேசை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று வருஷமாக என்னோடு சென்னையைச் சுற்றிவரும் எங்கள் மேசையாரைப் போல ஒருவரைத் தேடிப் பிடி. அவர் பெருமையை என்னைவிட என் இடுப்பு நன்றாகச் சொல்லும். பாவம், அதற்கு வாயில்லை.

முதலில் அவருடைய அடக்கத்தைச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் தன் எடை 14 கிலோ என்றுதான் சொல்லிக்கொண்டார். முகம் புதைக்கும் வளையம், கைத்தாங்கி, பை எல்லாம் சேர்த்துத் தராசில் ஏற்றினால் 18. உள்ளதைக் குறைத்துச் சொல்வது பெரியோர் இயல்பல்லவா?

வலிமை என்று வந்தால் மட்டும் அந்த அடக்கம் கொஞ்சம் விலகி நிற்கும். 900 கிலோ தாங்குவாராம். ஒரு ஜோடி மாட்டைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்க்கலாம் என்று நானும் பூரித்துப் போனேன். அது நிலை எடைக் கணக்கு. பலகை முழுக்கச் சமமாகப் பரப்பி, ஆடாமல் அசையாமல் வைத்த பாரம். ஆள் ஏறுவது, புரள்வது, நாம் உடம்பைச் சாய்த்து அழுத்துவது எல்லாம் சேர்ந்த வேலை எடை என்று இன்னொரு கணக்கு உண்டு. அது முன்னதில் ஒரு சிறு பங்குதான் தேறும். அந்த அற்பக் கணக்கையெல்லாம் எழுதி அட்டையை அசிங்கப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை. ஒருநாள் 90 கிலோ பெரியவர் ஒருவர் நடுக்கீலின்மேல் ஒற்றை முழங்காலை ஊன்றி ஏறினார். மேசையார் அன்று போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரரே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். இப்படி அக்கம்பக்கத்து உறவை வளர்க்கும் மேசை எங்கே கிடைக்கும்? அன்றிலிருந்து அடியில் கால்களை இழுத்துப் பிடிக்கும் கம்பிவடம் தொய்ந்து, நடுவில் லேசான பள்ளம். தாய்மடித் தூளி போல இருக்கிறது என்று சிலர் தூங்கியே விடுகிறார்கள்.

அவர் மனசு விசாலம். 32 அங்குலம். படுப்பவர் கை இரண்டும் தொங்காமல் ராஜசயனம். எதிர்ப்பக்கத் தோளை எட்டுவதற்கு நான் பாதி மேசைமேல் படர வேண்டும், அவ்வளவுதான். 28 அங்குலத்தில் ஒன்று இருந்தது. அதில் எனக்கு இந்தத் தேகப்பயிற்சி கிடைத்திருக்குமா?

உயர விஷயத்தில் அவருக்குச் சுயமரியாதை அதிகம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி பலகையைத் தொட வேண்டும், அழுத்திப் பிடிப்பதானால் இன்னும் இரண்டு துளை இறக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். நான் ஐந்தடி மூன்றங்குலம். எனக்கு 24, 25 அங்குலத்துக்கு இறங்க வேண்டும். அவரோ 27க்குக் கீழே யாருக்காகவும் இறங்கியதில்லை. ஆகவே நான்தான் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்கிறேன். காலுக்கு இரண்டாக மொத்தம் எட்டுத் திருகு. அதில் இரண்டு எப்போதும் கழன்று சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். குழந்தை இல்லாத வீட்டில்கூட ஒரு கண்ணாமூச்சி.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போவேன். லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம், மூன்றாவது மாடி. மடக்கினால் பாதி நீளம், ஏறக்குறைய 36 அங்குலம். படிக்கட்டு திரும்பும் இடத்தில் அவருக்கு முதல் மரியாதை கொடுத்து நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். படிக்கொரு முறை முழங்காலில் ஒரு செல்லத் தட்டு. மூச்சிரைக்க உள்ளே போனால் பாட்டி கேட்பார், "எதுக்குப்பா இவ்ளோ பெரிய கட்டில்? ஒரு பாயை விரிச்சா ஆகாதா?" அப்புறம் பாட்டி ஏறுவதற்கு முக்காலி தேடுவோம். மூட்டுவலிக்காக வந்தவன், மூட்டுவலிக்காரரை முக்காலி ஏற வைக்கிறேன். ஸ்கூட்டரில் வைத்தால் இரண்டு பக்கமும் இறக்கை விரிக்கிறார் என்பதால் ஆட்டோவில்தான் பயணம். சீட்டில் அவர், ஓரத்தில் ஒற்றைத் தொடையில் நான்.

ஞாபகசக்தியோ அபாரம். தையல் ஓட்டை வழியாக ஃபோமுக்குள் இறங்கிய எண்ணெய் எதையும் அவர் மறப்பதில்லை. இன்று படுப்பவருக்குப் போன வாரத்து நல்லெண்ணெய், போன மாதத்துப் பிண்ட தைலம், போன வருஷத்து வியர்வை எல்லாம் இலவசம். நம் கடற்கரை ஈரத்துக்கு ரெக்சின் மேல்தோல் பொடிப்பொடியாக உரிகிறது. எழுந்து போகிறவர் முதுகில் கத்தரிப்பூ நிறத்தில் நாலு செதில் ஒட்டிக்கொண்டு போகும். நினைவுப் பரிசு!

அந்தக் கத்தரிப்பூ நிறம்தான் தம்பி என்னை மயக்கியது. கடைக்குப் போய் ஏறிப் படுத்துப் பார்த்தேனா, தோளில் மாட்டி ஒரு மாடி ஏறி இறங்கினேனா, டேப் பிடித்தேனா? இரவு பதினொரு மணிக்குக் கைபேசியில் படம் பார்த்தேன், பாதி விலை என்றிருந்தது, விரலை வைத்துவிட்டேன். என் மதிநுட்பமும் அவர் மகிமைக்குக் குறைந்ததல்ல.

நீ எங்கும் அலைய வேண்டாம். பிரிய மனமில்லைதான், ஆனாலும் உனக்காக அவரையே விட்டுக்கொடுக்கிறேன், பணம்கூட வேண்டாம். என் வீடு இருக்கும் இரண்டாவது மாடியிலிருந்து நீயே வந்து இறக்கிக்கொண்டு போ. குனியவும் பாரம் தூக்கவும் கூடாது என்று டாக்டர் எனக்கு ஒரு மாதம் ஓய்வு சொல்லியிருக்கிறார். தினமும் ஒரு பையன் வந்து முதுகு பிடித்துவிடுகிறான், பாய் விரித்து.