பற்ற வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்

நிர்வாக இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்களா? வாழ்த்துகள். மேனேஜ்மென்ட் புத்தகங்களை மூடிவிட்டுக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறுங்கள். லாபம் என்ற ஒன்றையே குறியாக வைத்து நிறுவனம் நடத்தும் கலையை அந்த ஊர்த் தீப்பெட்டித் தொழில் பல தலைமுறையாகப் பரிசோதித்து வைத்திருக்கிறது. பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள். இனி முறையாகச் செய்யுங்கள்.

1. மழை பெய்யாத ஊராகப் பாருங்கள். வாய்க்கால் ஓடும் ஊரில் நாற்று நடக் கூப்பிட்டால் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். கரிசல் அப்படியில்லை, மானாவாரி. ஐப்பசி, கார்த்திகை மழைதான் உளுந்துக்கும் பருத்திக்கும் கம்புக்கும் வருஷத்தை முடிவு செய்யும். அது பொய்த்தால் மறுநாளே உங்கள் ஆபீஸ் வேன் நிரம்பும். மேடையில் "வேலை கொடுக்கிறோம்" என்று பேசுங்கள். வறட்சிதான் ஆள் கொடுக்கிறது என்பதைப் பார்ட்னரிடம் மட்டும் சொல்லுங்கள்.

2. மாதச் சம்பளம் என்ற கெட்ட பழக்கத்தை விடுங்கள். குச்சி அடுக்கக் கட்டைக்கு இவ்வளவு, பெட்டி ஒட்ட இவ்வளவு என்று கணக்கு வையுங்கள். கரண்டு போனால் தொழிலாளியின் நேரம், குச்சி நமத்தால் அவர் நேரம், சரக்கு போனால் மட்டும் உங்கள் நேரம். பெட்டி ஒட்டுவதை வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். இடவாடகை மிச்சம், விளக்கு மிச்சம். அந்த வீட்டில் ஒட்டுவது எத்தனை வயதுக் கை என்று எட்டிப் பார்க்காதீர்கள். சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கில், அபாயகரமான வேலையில் வைக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் இல்லை" என்று வாசலில் பெரிதாக எழுதிவிடுங்கள். பெயிண்டு மலிவு.

3. வளருங்கள், ஆனால் பெரிதாகிவிடாதீர்கள். சின்ன ஆலைக்கு எக்சைஸ் வரி குறைவு என்றிருந்த நாளில் ஒரே குடும்பத்து ஆலை பல பெயர்களில் பிரிந்தது. தொழிற்சாலைகள் சட்டம் மின்சாரம் இருந்தால் 10 பேரிலும், இல்லாவிட்டால் 20 பேரிலும் தொடங்கியது. நடுவே ஒரு சுவர் எழுப்பி அந்தப் பக்கத்தை மைத்துனர் பெயருக்கு எழுதினால் போதும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20, 40 என்று ஏற்றிவிட்டது. உங்களுக்குச் சிமெண்டுச் செலவும் மிச்சம்.

4. விலைவாசியைக் கையாளுங்கள். 2007 முதல் தீப்பெட்டி ஒரு ரூபாய். 14 வருஷம் அசையவில்லை. அதற்குள் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425-லிருந்து 810-க்கும், மெழுகு 58-லிருந்து 80-க்கும் போனது. பாஸ்பரஸ்காரரிடம் கெஞ்சிப் பாருங்கள், போனை வைத்துவிடுவார். அட்டைக்காரரும் அப்படித்தான். நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வது கட்டை அடுக்கும் அக்கா ஒருவர்தான். ஆகவே ஏறியதையெல்லாம் அவரிடம் இறக்குங்கள். 2021 டிசம்பரில் பெட்டி இரண்டு ரூபாய் ஆனதே, அப்போது கூலியும் இரண்டு மடங்கா என்று கேட்டிருப்பார். "பழைய நஷ்டத்தை எடுக்க வேண்டாமாம்மா?" என்று கனிவாகக் கேளுங்கள். கனிவு முக்கியம்.

5. மெஷின் வாங்குங்கள். கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மெஷின் தீப்பெட்டிக்கு 18 என்றிருந்த ஜி.எஸ்.டி., 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 என்று ஆனது. கையால் செய்பவருக்கு இருந்த ஒரே ஊன்றுகோலும் போயிற்று. உங்களுக்கு நல்ல நேரம். ஆட்களை வீட்டுக்கு அனுப்புங்கள். பண்டல் குவிந்து ஆள் தேவைப்படும் நாளில், "எல்லோரும் நூறு நாள் வேலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சோம்பேறியாகிவிட்டார்கள்" என்று சங்கக் கூட்டத்தில் வருத்தப்படுங்கள். கைதட்டு நிச்சயம்.

6. சனிக்கிழமைச் சம்பளத்தைச் சுருக்குங்கள். அந்தக் காசுதான் பலசரக்குக் கடைக்கும், துணிக்கடைக்கும், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய்க்கும் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் ஈ ஓட்டுவார். பீடிக்கட்டும் தீப்பெட்டியும் விற்கும் பெட்டிக்கடைக்காரரும் ஓட்டுவார். உங்கள் சரக்கும் அங்கேதான் தேங்கும். பதறாதீர்கள். "கிராமப்புறத் தேவை மந்தம்" என்று ஆண்டறிக்கையில் எழுதி அரசிடம் சலுகை கேளுங்கள். கூலி பற்றாதவர் குழுக்கடன் வாங்குவார். கையில் மிச்சமிருந்தால் அந்தக் கடன் கம்பெனியின் பங்கை வாங்கிப் போடுங்கள். கூலியில் குறைத்தது வட்டியாக உங்களிடமே வரும்.

7. குருவை வணங்குங்கள். ஸ்வீடன்காரர் இவார் க்ரூகர், தீப்பெட்டி ராஜா. நம் ஊர்க் குடிசைத் தொழிலோடு மல்லுக்கட்டிய விம்கோ, அவருடைய ஸ்வீடிஷ் மேட்ச் நிறுவனத்தின் கிளையாக இருந்தது. அரசுகளுக்கே கடன் கொடுத்து ஏகபோகம் வாங்கினார். 1929-ல் ஜெர்மனிக்கு மட்டும் 12.5 கோடி டாலர். புதிதாகப் பங்கு வாங்கியவர் பணத்தை எடுத்துப் பழையவருக்கு டிவிடெண்டாகக் கொடுத்தார். இத்தாலி அரசின் பத்திரத்தைத் தானே அச்சடித்துக் கையெழுத்தும் போட்டுக்கொண்டார். 1932 மார்ச் 12 அன்று பாரிஸில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தபோது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேமிப்பைப் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று: கடைசிவரை கம்பெனியிலேயே இருந்தார்.

8. நீங்கள் இருக்காதீர்கள். பங்கு உச்சத்தில் நிற்கும்போது "குடும்பத்தோடு நேரம் செலவிட" என்று கடிதம் கொடுங்கள். போகுமுன் ரிஜிஸ்டரை ஒருமுறை புரட்டி, ஐந்து வருஷத்தை நெருங்கும் பெயர்களை அடித்துவிட்டுப் புது ஆளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டால் பணிக்கொடை கேட்பார்கள். உங்களுடைய பணிக்கொடைக் காசோலையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.