கேள்வி–பதில்: பட்டறையும் பீரங்கியும்

கேள்வி: லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் இரட்டைக்குழல் ரைஃபிளின் ‘ஆக்‌ஷன்’ பகுதியைத் தாமே கடைந்தெடுக்க விரும்பினால் எந்த எஃகைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? (ஒரு வாசகர், கோடியக்கரை)

பதில்: அவர் எஃகைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே அவருக்குரிய இரும்பைச் சட்டம் தேர்ந்தெடுத்து, கம்பிகளாக்கிக் கதவில் பொருத்தியும் வைத்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்த தண்டனை 7 ஆண்டுச் சிறை, மிகுந்தது ஆயுள் சிறை. டெல்டாவில் துப்பாக்கி செய்தே தீர வேண்டும் என்பவருக்கு நேர்வழி, 1966இல் தொடங்கப்பட்ட திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் வேலைக்கு மனுப் போடுவதே.

எனினும் கேள்விக்குள் இருக்கும் உலோகவியல் சுவையானது. ஆக்‌ஷன் என்பது குழல்களின் பின்வாயை அடைத்து, தோட்டா வெடிக்கும்போது அதன் பின்னுதையை வாங்கிக்கொள்ளும் உடற்பகுதி. பெருவேட்டைத் தோட்டா வெடிக்கும் கணத்தில் குழலுக்குள் எழும் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதுவும் மெல்ல ஏறும் அழுத்தமன்று, சம்மட்டி அடிபோல விழுவது. ஆகவே அங்கே வேண்டியது கீறலுக்கு அஞ்சாத கடினம் மட்டுமன்று, அடி விழும்போது விரிசல் விடாமல் தாங்கும் தன்மையும் ஆகும். இவ்விரு குணங்களும் ஒரே உலோகத்தில் பெரும்பாலும் மாமியாரும் மருமகளுமாகவே குடியிருக்கின்றன. ஒருவர் கை ஓங்கினால் மற்றவர் வாய் அடங்கிவிடும்.

கேள்வி: உலகமே வியந்த தமிழ்நாட்டு உருக்கு இருக்க, வேறு எஃகைத் தேடுவானேன்? (ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: பெருமை நியாயமானது, பரிந்துரை பொருத்தமற்றது. மூசை எனப்படும் களிமண் குப்பியில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் வைத்து, வாயை மண்ணால் மூடி உலையிலிட்டால், தழையிலும் குச்சியிலும் உள்ள கரிமம் இரும்பில் ஏறி உருக்காகும் என்பது சேலம் வட்டாரத்துக் கொல்லர்களிடம் 19ஆம் நூற்றாண்டில் பார்த்து எழுதப்பட்ட முறை. ஈரோட்டை அடுத்த கொடுமணல் அகழாய்வு இக்கலையின் வேரைப் பல நூற்றாண்டுகள் பின்னோக்கிக் கொண்டு செல்கிறது. கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே, மின்சாரத்தில் பெயர் வாங்குவதற்கு முன், 1819ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இந்த உருக்கின் மர்மத்தைத் தேடி ஆய்வு செய்தார்.

அந்த மர்மத்தின் பெரும்பகுதி கரிமத்தில் இருக்கிறது. சாதாரண மென்னெஃகில் கரிமம் 0.2 விழுக்காட்டை ஒட்டியிருக்க, உருக்கில் அது 1.5 விழுக்காடு வரை ஏறியிருக்கும். கூர்முனைக்கு அது வரம், அதிர்ச்சிக்கு அது சாபம். வழக்கமான சூட்டில் அதை அடித்துப் பார்த்த ஐரோப்பியக் கொல்லர்களின் கையில் அது உதிர்ந்துபோனது. வாளுக்கு உகந்ததைத் துப்பாக்கியின் உடலுக்குப் பரிந்துரைப்பது, ஊர்ப்பற்று உலோகவியலில் செய்யும் தவறு.

கேள்வி: அப்படியானால் தஞ்சாவூர்ப் பெரிய பீரங்கி எதனால் ஆனது? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கீழவாசல் அருகே பீரங்கி மேட்டில் கிடக்கும் அந்த ‘ராஜகோபால’ பீரங்கிதான் முதல் கேள்விக்குச் சரியான விடை. இரகுநாத நாயக்கர் காலத்ததாக, அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இது, ஏறத்தாழ 22 டன் எடையும் ஏழரை மீட்டர் நீளமும் உடையது. அச்சில் ஊற்றி வார்க்கப்பட்டதன்று. 43 நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி உட்குழலாக்கி, அதன்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி ஏற்றி, அடித்தே ஒட்டவைத்த வேலை. கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியமும் அவருடைய கூட்டாளிகளும் 2004இல் இதைப் பற்றி விரிவாக எழுதினர்.

இதற்குப் பயன்பட்டது கரிமம் குறைந்த தேனிரும்பு. அது வளையும், எளிதில் வெடிக்காது. சூடான வளையம் ஆறும்போது சுருங்கி உட்குழலை இறுக்குவதால், வெடியின் வெளித்தள்ளலுக்கு எதிரான பிடி முன்கூட்டியே அமைந்துவிடுகிறது. உருக்குக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டே, பீரங்கிக்கு அதைத் தொடாமல் விட்ட அந்தக் கொல்லர்களின் தீர்ப்புக்குப் பாடநூல் தேவைப்படவில்லை. போதாக்குறைக்கு, தஞ்சை ஆயுதச்சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்ற கட்டாரிகள் பலவற்றின் அலகுகள் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானவை. வெளிநாட்டுச் சரக்கின்மீதான மோகம் பர்மா பஜாரில் பிறந்ததன்று.

கேள்வி: ஆங்கிலத் துப்பாக்கிக்காரர்கள் என்ன செய்தார்கள்? (ஒரு வாசகி, குடவாசல்)

பதில்: கடினம், அடி தாங்கும் தன்மை ஆகிய இரண்டு குணங்களையும் ஒரே துண்டில் வாங்கினார்கள். மென்மையான எஃகில் ஆக்‌ஷனைச் செதுக்கி, எலும்புக்கரியோடு பெட்டியிலிட்டுச் சுட வைத்து நீரில் தோய்த்தால், கரிமம் மேல்தோலில் மட்டும் ஏறும். தோல் கடினமாகும், உள்ளுடல் பதமாகவே இருக்கும். பழைய துப்பாக்கிகளில் தெரியும் நீலமும் பழுப்புமான மேகப்படலம் இவ்வேலையின் அடையாளம். அதன் பின்னும் அவர்கள் தம் கையை நம்பிவிடவில்லை. லண்டனில் 1637இல் பட்டயம் பெற்ற துப்பாக்கிக்காரர் சங்கமும், 1813இல் சட்டத்தால் அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலையும் வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்தை இட்டுச் சுட்டுப் பார்த்து, பிழைத்ததற்கே முத்திரை குத்தின. வீட்டுப் பட்டறையில் அந்த முத்திரைக்குப் பதிலாக இருப்பது செய்தவரின் முகம் மட்டுமே.

கேள்வி: லாரிப் பட்டையில் அருமையான அரிவாள் வருகிறதே? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: வரும். அரிவாள் உடைந்தால் வாழைத்தார் தப்பிக்கும். பல்லாண்டு பாரம் சுமந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கக்கூடும் என்பதும், அதன் கலவை என்ன என்பதற்குச் சீட்டு ஏதும் இல்லை என்பதும் அரிவாளுக்கு மன்னிக்கத்தக்க குறைகள், துப்பாக்கிக்கு அல்ல.

கேள்வி: கோடியக்கரையில் சுடுவதற்கு என்னதான் இருக்கிறது? (ஒரு வாசகி, வேதாரண்யம்)

பதில்: மீனும் கருவாடும், அடுப்பில். 1967 முதல் சரணாலயமான அக்காட்டின் வெளிமான், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

கேள்வி: பட்டறைக்காரருக்கு ஊரில் வேறு நல்ல வேலையே இல்லையா? (முதல் கேள்வியைக் கேட்ட அதே வாசகர்)

பதில்: பருவ மாதங்களில் வெளியூர்ப் படகுகளும் வந்து தங்கும் கரையில் இயந்திரப் படகின் விசிறித்தண்டு, அதாவது எஞ்சினின் சுழற்சியை விசிறிக்குக் கொண்டுசெல்லும் ‘ஷாஃப்ட்’, தேய்ந்துகொண்டே இருக்கும். அங்கும் எஃகுத் தேர்வுதான் சிக்கல், ஆனால் போலீசு வராது. உப்பு நீரின் குளோரைடு, துருப்பிடிக்காத எஃகையும் ஊசிக்குழி விழவைத்து அரிக்கும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வகை, மலிவான 304 வகையைவிட அதைக் கூடுதலாகத் தாங்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே, காந்தமும் பொதுவாக இரண்டையும் பிடிக்காது. ஆகவே கடைக்காரர் காந்தம் ஒட்டாததைக் காட்டி 316 என்று சத்தியம் செய்தால், ஆலையின் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குவது நலம்.