கேளுங்கள், சொல்கிறேன்

கே: கோயில் சுவரில் 'கபோதம்' என்று ஏதோ இருக்கிறதாமே, எங்கே? (ஸ்ரீரங்கம்)

ப: கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு அண்ணாந்து பாருங்கள். சுவர் முடியும் இடத்தில் வெளியே நீண்டு, வளைந்து இறங்குகிறதே, அதுதான். கபோதம் என்றால் வடமொழியில் புறா. புறாக்கள் வந்து உட்காரும் இடம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அந்த வளைவே புறாவின் உடல் மாதிரி என்பாரும் உண்டு. புறாக்களுக்கு இரண்டிலும் ஆட்சேபம் இல்லை.

தமிழில் இதற்குக் 'கொடுங்கை' என்று பெயர். கொடுமையான கை அல்ல, வளைந்த கை. (எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருடைய கை முதல் ரகம்.) கூரை வீட்டு இறவாரத்தைத்தான் சிற்பி கல்லில் கொண்டுவந்தான். மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளி விழவேண்டும்; அழகு அதற்கப்புறம்.

கே: உங்களுக்குப் பிடித்த கொடுங்கை? (காரைக்குடி)

ப: ஆவுடையார்கோயில். மரச்சட்டம், குறுக்குச் சட்டம், ஆணி எல்லாம் தெரியும். தொட்டால் அத்தனையும் கல். அந்தக் காலத்து ஸ்தபதிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி நீங்கலாக" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். இன்றைய கட்டட ஒப்பந்தக்காரர்கள் நீங்கலாக வைப்பது ஒன்றுதான்: சொன்ன தேதி.

கே: ஹாலில் பி.ஓ.பி. கார்னிஸ் வைக்கலாமா? (சென்னை, வேளச்சேரி)

ப: வையுங்கள். புறா வராது, ஒட்டடை வரும்.

கே: கோயிலுக்கு அடியில் 'குமுதம்' இருக்கிறது என்கிறான் என் பேரன். கேலி செய்கிறானா? (நாமக்கல்)

ப: பேரன் தேறிவிட்டான். ஆனால் இந்தக் குமுதம் வாராவாரம் வராது. ஒருமுறை வைத்தால் ஆயிரம் வருஷம். கோயிலின் அடித்தளத்துக்கு அதிட்டானம் என்று பெயர். கீழிருந்து உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று ஏறும். குமுதம் ஆம்பல்; கண்டம் கழுத்து, அதனால்தான் அது உள்ளொடுங்கி இருக்கிறது. குமுதம் உருண்டையாக இருந்தால் விருத்தக் குமுதம். பட்டை தீட்டியும் வைப்பார்கள்.

கே: கொடுங்கையில் வரிசையாக லாடம் மாதிரி வளைவு, உள்ளே ஒரு முகம். யார் அது? (செங்கல்பட்டு)

ப: பக்கத்து வீட்டில் சண்டை என்றால் ஜன்னலில் முளைக்கும் முகமேதான்! உண்மையிலேயே அது ஜன்னல். பெயர் 'கூடு'. மரத்தால் கட்டிய பழைய மண்டபங்களின் வளைந்த முகப்பு மகாராஷ்டிரத்தில் பாஜா, கார்லா குடைவரைகளில் கல்லுக்கு மாறியது. அங்கே ஆளை விழுங்கும் அளவு. 7ஆம் நூற்றாண்டு மாமல்லபுரத்துக்கு வருவதற்குள் சுருங்கிச் சுருங்கி, ஒரு தலை மட்டும் எட்டிப்பார்க்கும் அலங்காரமாகிவிட்டது. வெளிச்சம் விடுகிற வேலை போய்விட்டது. வேடிக்கை பார்க்கிற வேலை மட்டும் மிச்சம். நம்மில் பலருக்கும் ஓய்வுக்குப் பின் அப்படித்தான்.

கே: ராஜராஜன் இன்று வந்தால்? (தஞ்சாவூர்)

ப: டைல்ஸ் கடைக்காரர்கள் ஊரைக் காலி செய்வது நல்லது.

கே: எங்கள் ஊர்ப் பழைய சிவன் கோயில் பிராகாரத்துக்கு கிரானைட் தளம் போட்டுத் தர ஆசை. எங்கே தொடங்குவது? (மன்னார்குடி)

ப: உங்கள் மனசு பெரிது, அதனால் விளையாடாமல் சொல்கிறேன். தளத்தின் மேல் தளம் போடப்போட முதலில் உபானம் புதையும், அப்புறம் ஜகதி. கல்வெட்டுகள் பல இருப்பது ஜகதியிலும் குமுதத்திலும்தான். நிலம், விளக்கு, நெய், ஆடு என்று ஊர்க்காரர்கள் கொடுத்ததெல்லாம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்ததோடு அக்காள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் சேர்த்து வெட்டச் சொன்னான் ராஜராஜன். உங்கள் பெயரைக் கல்லில் போடுவதற்காக, முன்பு கொடுத்தவர்கள் பெயரைப் புதைத்துவிடாதீர்கள். அழுக்குப் போக மணலைப் பீய்ச்சி அடிக்கிறேன் என்று யாராவது வந்தாலும் விடாதீர்கள். அழுக்கோடு எழுத்தும் போய்விடும். அந்தப் பணத்தில் மழைத் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். எதைத் தொடுவதானாலும் முதலில் தொல்லியல் துறையைக் கேளுங்கள்.