எண்ணெய் செய்த குற்றமும் பந்துக்கு விழுந்த தண்டனையும்

பெறுநர்: யுனைடெட் ஸ்டேட்ஸ் பவுலிங் காங்கிரஸ் தலைமையகம், ஆர்லிங்டன், டெக்சஸ்.

பொருள்: லேனில் பூசப்படும் எண்ணெயையும் ஒருமுறை விசாரணைக் கூண்டில் ஏற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்படி பொருள் சார்பாகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், அடியேன் தங்கள் விதிப்புத்தகத்தை வரி விடாமல் படிக்கும் அபூர்வப் பிறவி. வாராந்திர லீக்கில் ஆடுகிறேன். சராசரியைக் கேட்காதீர்கள்.

முதலில் பாராட்டு. பந்து 16 பவுண்டைத் தாண்டக் கூடாது. எந்தப் பக்கமும் 3 அவுன்சுக்கு மேல் எடை சாயக் கூடாது. புதிதாக வரும் பந்து, தன்மேல் விட்ட ஒரு துளி எண்ணெயைக் குடித்து முடிக்க 2 நிமிடம் 15 வினாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும். குடிக்கும் வேகத்துக்கே சட்டம் போட்ட அரசு உலகில் தங்களுடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். 2019 ஆகஸ்டில், ஆட்டத்தின் நடுவே திரவம் தொட்டுப் பந்தைத் துடைக்கக் கூடாது, உலர்ந்த துண்டு போதும் என்றீர்கள். மறு ஆகஸ்டில், எடையைச் சரிக்கட்டப் போடும் ஓட்டைகளை அடைக்கச் சொன்னீர்கள். அடைத்தோம். கடினம் போதவில்லை என்று 2022இல் சில பந்துகளைத் தேசியப் போட்டிகளிலிருந்து விலக்கினீர்கள். அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் கதவு சாத்தாமலிருக்க முட்டுக் கொடுத்திருப்பார்கள்.

பந்தின் மேல் தங்களுக்குள்ள சந்தேகம் பரம்பரையாக வந்தது என்பதும் தெரியும். 1973இல் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்கூன், பந்தை எம்.இ.கே. என்னும் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி, அந்த ஆண்டில் மட்டும் ஆறு பட்டங்களை அள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகுதான் கடினம் அளக்கும் கருவிக்கு இந்த விளையாட்டில் வேலை கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்து வந்ததும் சந்தேகம் முற்றிவிட்டது. நியாயம்தான். அந்தப் பந்தின் தோலில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் மேல் வழுக்கிக்கொண்டே போகும், காய்ந்த பலகையைத் தொட்ட நொடியில் கவ்விப் பிடித்துத் திரும்பும். பின்களை அது ஏறக்குறைய 6 பாகைக் கோணத்தில் சந்தித்தால் ஸ்ட்ரைக் விழும் வாய்ப்பு அதிகம் என்று கண்டு சொன்னதும் தங்கள் ஆய்வுக்கூடம்தான்.

ஆனால் ஐயா, அது எங்கே வழுக்கும், எங்கே கவ்வும் என்பதைத் தீர்மானிப்பது யார்?

எங்கள் ஊர்த் திருவிழாக்களில் வழுக்குமரத்துக்கு எண்ணெய் தடவினால், ஊரே பார்க்கத் தடவுவார்கள். ஏறுகிறவனுக்குத் தன் எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியும். இங்கே லேன் 60 அடி நீளம், 39 போர்டு (பலகை) அகலம். அதில் நிறமில்லாத எண்ணெயை ஓர் இயந்திரம் பூசிவிட்டுப் போகிறது. ஹவுஸ் ஷாட் என்று செல்லமாகச் சொல்லும் பூச்சில் நடுவில் பத்துப் பங்கு, ஓரத்தில் ஒரு பங்கு. கை தவறி வெளியே போன பந்தைக் காய்ந்த ஓரம் பிடித்து உள்ளே தள்ளும். உள்ளே இழுத்துவிட்ட பந்தை நடு எண்ணெய் வழுக்கவிட்டுக் காப்பாற்றும். இரண்டும் ஸ்ட்ரைக்குக்கு வாகான பாக்கெட்டில் போய் நிற்கும். ஆடியவர் தோள்களைக் குலுக்கிக்கொண்டு திரும்பி வருவார். அதே மனிதரை, 3க்கு 1 என்ற விகிதத்தில் தாங்களே வகுத்த ஸ்போர்ட் லேனில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு போர்டு பிசகினால் 7ஆம் பின்னும் 10ஆம் பின்னும் நின்றுகொண்டு அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

பூச்சின் நீளம் இன்னும் பொல்லாதது. நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால் பந்து திரும்ப வேண்டிய போர்டு வரும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 35 அடிப் பூச்சில் அது 4ஆம் போர்டு, கிட்டத்தட்ட சாக்கடை ஓரம். அங்கே 500 கிரிட் உரைதாள் போட்டுச் சொரசொரப்பாக்கிய ரியாக்டிவ் பந்தை விட்டால், பாதி வழியிலேயே திரும்பி எதிர்ப்பக்கம் போய்விடும். 45 அடிப் பூச்சில் கணக்கு 14. அதே பந்தைப் பளபளவென்று மெருகேற்றி விட்டால், அங்கே திரும்ப மறந்து நேராகப் போய்ப் பின்னைத் தட்டும், தட்டப்பட்ட பின்னும் யோசித்துத்தான் விழும். பந்து ஒன்றேதான், தாங்கள் கொடுத்த சான்றிதழும் ஒன்றேதான்.

இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. எண்ணெய் இடத்தில் நிற்பதும் இல்லை. இரண்டு அணிகளும் மாறி மாறி எறிய, எங்கள் ரியாக்டிவ் பந்துகள் குடித்துக்கொண்டே போகின்றன. முதல் ஆட்டத்தில் பாக்கெட்டுக்குப் போன அதே எறிதல், மூன்றாம் ஆட்டத்தில் முதல் பின்னின் மூக்கில் அடிக்கிறது. நகர்ந்து நிற்க வேண்டும், அல்லது பந்தை மாற்ற வேண்டும். எங்கே, எப்போது என்பதைத்தான் இந்த விளையாட்டின் சாமர்த்தியம் என்கிறார்கள். தங்கள் எர்ல் என்னும் பந்தெறியும் இயந்திரத்துக்கும் அதுதான் வரவில்லை என்பது என் ஊகம். நினைத்த வேகத்தில், நினைத்த சுழற்சியில் எறியத் தெரிந்த அந்த இரும்பு மனிதன் 2011இல் தொழில்முறை ஆட்டக்காரர் கிறிஸ் பார்ன்ஸிடம் 209க்கு 259 என்று தோற்றுப்போனான். அவனுடைய பந்தும் விதிப்படிதான் இருந்திருக்கும்.

ஹவுஸ் ஷாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. காசு கொடுத்து வருகிறவர் நாலு ஸ்ட்ரைக் போட்டுச் சந்தோஷமாகப் போகட்டும்; எனக்கும் அந்தச் சந்தோஷம் தேவைப்படுகிறது. டிவி ஆட்டங்களில் எண்ணெய்க்கு நீலச் சாயம் கலந்து காட்டியதுண்டே, அதை லீக் இரவுகளிலும் கலக்க உத்தரவிடுங்கள். அது முடியாதென்றால், 300 அடித்தவருக்கு வழங்கும் மோதிரத்தில் அன்றைய எண்ணெய் விகிதத்தையும் பொறித்துத் தாருங்கள். ‘300’ என்பதற்குக் கீழே, சற்றே சின்ன எழுத்தில், ‘10க்கு 1’.

தங்கள் உண்மையுள்ள,
லீக் ஆட்டக்காரன்

இணைப்பு: துண்டு ஒன்று (உலர்ந்தது).