மருவுக்குத் தேதி தெரியாதுலே

ஏல பேராண்டி, பாயைச் சுருட்டிக்கிட்டு தட்டட்டிக்குப் போறியே, எதுக்கு? புழுக்கம்னு மட்டும் சொல்லாத. மார்கழிப் பனியில புழுங்குத மனுசனை இந்தத் தெருவுல நான் பாத்ததில்ல. இங்கன தார்சாவுல உக்காரு. அடுக்களையில ஒன் பொண்டாட்டி பாத்திரத்தை நங்குநங்குன்னு வைக்கிற சத்தம் கேக்குல்லா? சட்டி மேல உள்ள கோவம் இல்ல அது.

குளியலறை ஜன்னல்ல, சோப்புப் பெட்டிக்குப் பின்னால, ஒரு களிம்புக் கவரை ஒளிச்சு வச்சிருக்க. ஆச்சிக்குப் புரை எடுத்த பெறகு பொடியெழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. இமிக்விமாடுன்னு போட்டிருக்கு. அது என்ன முகப்பருவுக்குப் போடுத மருந்தா? ரிட்டயர் ஆகுத வரைக்கும் பெரியாஸ்பத்திரி வி.டி. ஓ.பி.யில, அதான் பால்வினை நோய்ப் பிரிவுல, வெள்ளைச் சேலை கட்டி நின்னவகிட்டயா ஒளிக்க? மீசையை முறுக்கிட்டுத் தெருவுல போற எத்தனையோ பேரு எம் முன்னால வேட்டியை அவுத்துட்டு, "சிஸ்டர், சும்மா லேசா அரிப்பு"ன்னு கோணிக்கிட்டு நின்னிருக்காங்க. பேரு சொல்ல மாட்டேன். அதுல ரெண்டு பேரு ஒன் கல்யாணத்துல மொய் எழுதினவங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். கீழ மரு வந்துது. போன சித்திரையில டாக்டர் கருக்கி விட்டாரு. ஆடியில திரும்ப எட்டிப் பாத்துது. மறுபடி கருக்கினாரு. இப்ப மூணாவது தடவை. போதாக்குறைக்கு அந்தப் பிள்ளை, ஒன் பொண்டாட்டிக்கும் ஒண்ணு. ஒடனே ஆளுக்கொரு போனை எடுத்து வச்சிக்கிட்டு ராத்திரி முழுக்கப் படிச்சிருக்கீங்க. விடியும்போது வீட்டுல ரெண்டு வக்கீலு. "கல்யாணமாகி ரெண்டு வருசம் கழிச்சு இது எங்கேருந்து வந்துது?"ன்னு அவ கேக்கா. "ஏன், ஒங்கிட்டேருந்து வந்திருக்கக் கூடாதா?"ன்னு நீ கேக்க. ரெண்டும் நல்ல கேள்விதான். பதில் எந்த டாக்டர்கிட்டயும் கெடையாது.

ஏன்னு கேளு. இந்த எச்.பி.வி. வைரஸ் ஒட்டினா மரு மூணு வாரத்துலயும் வரும், எட்டு மாசத்துலயும் வரும். சில பேருக்கு வருசக்கணக்கா மூச்சுக் காட்டாமக் கெடந்துட்டுத் தலையைக் காட்டும். ரொம்பப் பேருக்கு மருவே வராது. ஒட்டினதும் தெரியாது, போனதும் தெரியாது. 100ல 90 பேருக்கு ரெண்டு வருசத்துக்குள்ள ஒடம்பே அதை அமுக்கிப் போட்டுரும். அப்படி இருக்கும்போது நீ பெங்களூர்ல இருந்தப்ப வந்ததா, அவ கோயம்புத்தூர்ல படிச்சப்ப வந்ததா, எவன் கண்டான்?

இந்தா, "அவ படிச்சப்ப"ன்னு சொன்னதும் ஒனக்கு மூக்கு வெடைக்கி. ஒன் பெங்களூர் வாழ்க்கையைப் பத்தி நான் ஒரு கேள்வி கேட்டனாலே? கேட்டா நீ ஒரு கதை சொல்லணும், நான் அதை நம்பின மாதிரி தலையாட்டணும், ரெண்டு பேருக்கும் வீண் வேலை. ஒங்கிட்டக் கேக்காத கேள்வியை அவகிட்ட மட்டும் எதுக்குக் கேக்கணும்? ஒரே ஒரு ஆளோட இருந்தவங்களுக்கும் இது வரும். தாம்பத்தியம்னு ஒண்ணு நடத்துறவங்கள்ல முக்காலே மூணுவீசம் பேருக்கு ஆயுசுல எப்பவாச்சும் இதுல ஏதாவது ஒரு வகை வந்துட்டுத்தான் போவுது. நீ தப்புப் பண்ணலன்னோ, அவ பண்ணலன்னோ நான் கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன். அது எனக்குத் தெரியாது. ஆனா மருவைச் சாட்சிக் கூண்டுல ஏத்தாதீங்க. அதுக்குத் தேதி தெரியாது, ஆளு அடையாளமும் தெரியாது.

"கருக்கின பெறகும் திரும்பத் திரும்ப வருதே ஆச்சி"ங்க. வயல்ல கோரை பறிச்சிருக்கியாலே? நீ எங்க பறிச்ச, கம்ப்யூட்டர்ல பறிச்சிருப்ப. கோரையை மேலோட அரிஞ்சுட்டு ஒங்க தாத்தா பெருமையா வரப்புல நின்னு வெத்தலை போடுவாரு. நாலு நாள்ல அதே எடத்துல பச்சை தெரியும், ஏன்னா கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்கு. டாக்டர் எடுக்கிறதும் கண்ணுக்குத் தெரியுத மருவைத்தான். அதைச் சுத்தி நல்லாத் தெரியுத தோலுக்குள்ளயும் வைரஸ் இருக்கும். எடுத்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்காவது மூணு மாசத்துக்குள்ளயே திரும்ப வரும். அதுக்கு டாக்டரும் காரணம் இல்ல, ஒன் பொண்டாட்டியும் காரணம் இல்ல. போகப் போக ஒடம்பு அதை அடக்கிரும், பெரும்பாலும். சிகரெட்டு குடிக்கிறவனுக்கு அந்த அடக்குத சக்தி கொறையும். நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும். தட்டட்டியில துணிக்கொடிக்குக் கீழ கெடக்குத துண்டெல்லாம் காக்கா குடிச்சிட்டுப் போட்டது.

ஒங்கம்மா இருக்காளே, "மரு"ன்னு நீ முழுங்கி முழுங்கிச் சொன்னதைக் கேட்டு, கழுத்துலயாக்கும்னு நெனச்சிட்டு, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வாங்கிப் போடுறதா நேர்ந்திருக்கா. போடட்டும். கோயில்ல போடுத வரைக்கும் ஒண்ணும் கெடுதல் இல்ல. மருந்தே இல்லாம அதுவா உதிருத மருவும் நெறைய உண்டு, அந்தக் கணக்குல சாமிக்கு நல்ல பேரு கெடைச்சா நமக்கென்ன நட்டம்? ஆனா அம்மான்பச்சரிசிப் பாலை வைக்கிறேன், சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைச்சுத் தடவுதேன், குதிரைவால் முடியைக் கட்டி அறுக்கேன்னு அந்த எடத்துல கை வச்ச, அப்பறம் மருவை மறந்துட்டுப் புண்ணுக்கு வைத்தியம் பாக்கணும். கால் ஆணிக்கு ஒட்டுத கார்ன் கேப்பை அங்க ஒட்டிக்கிட்டு வந்தவனை நான் பாத்திருக்கேன். மூணு நாள் கட்டில்ல கவுந்து படுத்துக் கெடந்தான், டாக்டரைப் பாத்தா வெக்கமாம், வலிக்கு வெக்கம் இல்ல. மழுங்கச் சிரைச்சிக்கிட்டா சுத்தம்னு நெனைக்காத. கத்தி போற வழியெல்லாம் மருவைப் பரப்பி விட்டுரும்.

அப்பறம் பஸ் ஸ்டாண்டு சுவத்துல ஒட்டியிருக்கானே, இன்ன தேதியில இன்ன லாட்ஜுல பரம்பரை வைத்தியர் வாராருன்னு. இளமைக்கால ரகசியத்துக்கு நிரந்தரத் தீர்வாம். அவன்கிட்டப் போனா மொதல்ல ஒன் பயத்துக்கு ரேட்டு போடுவான், அப்பறம் பவுடருக்கு. நிரந்தரமாக் கொல்லுத மருந்து இந்த வைரஸுக்கு எவன்கிட்டயும் கெடையாது. ஒடம்பு தானா அடக்கினாத்தான் உண்டு. எங்ககிட்ட இருந்ததெல்லாம் மருவை எடுக்குத மருந்துதான். அந்தக் காலத்துல பொடோஃபிலின்னு ஒரு பழுப்புப் பிசின், இமயமலைப் பக்கத்துச் செடி வேர்ல எடுக்கிறது. சுத்தி வாசலைன் பூசி, மரு மேல மட்டும் தொட்டு வச்சு, நாலு மணி நேரத்துக்குள்ள கழுவிருன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவோம். சொன்னதைக் கேக்காம மத்தியானக் காட்சி சினிமாவுக்குப் போனவன் மறுநாள் காலை அகட்டிக்கிட்டே வந்தான். அமிலம் வச்சா மரு சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். மைனஸ் 196 டிகிரியில இருக்கிற நைட்ரஜனை வச்சு உறைய வைக்கிறதும் உண்டு. இதுல எது ஒனக்குச் சரிப்படும்னு மருவோட எடத்தையும் அளவையும் பாத்து டாக்டர் முடிவு பண்ணட்டும்.

ஒன் களிம்பு விசயம். வாரத்துல மூணு நாள், ராத்திரி படுக்கப் போகும்போது தடவி, ஆறுலேருந்து பத்து மணி நேரத்துல சோப்புப் போட்டுக் கழுவணும். அதிகபட்சம் பதினாறு வாரம். நீ என்ன பண்ணியிருப்ப? ரெண்டு வாரம் தடவியிருப்ப, தோலு செவந்ததும் பயந்து நிறுத்தியிருப்ப, மூணு நாள் கழிச்சு ரோசம் வந்து ரெண்டு பங்காத் தடவியிருப்ப. லேசாச் செவக்கிறது அந்த மருந்தோட கொணம். புண்ணானா நிறுத்திட்டு டாக்டர்கிட்டப் போ. அது ரப்பரைக் கெடுக்கும், அதனால களிம்பு தடவியிருக்கும்போது ஆணுறையை நம்பி எதுவும் ஆரம்பிக்காத.

ரத்தம் கொடுத்தியா? இல்லையா? வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. ரெண்டும் பாத்திருக்கணும். மேகநோயில வர்ற ஒரு தடிப்பு அச்சு அசலா மரு மாதிரியே இருக்கும், அதுக்குப் பென்சிலின் ஊசி போடணும், களிம்பு ஒண்ணும் பண்ணாது. இன்னொரு கூத்தும் உண்டு. ஆம்பிளைகளுக்கு அங்க வரிசையா முத்து மாதிரி பொடிப்பொடியா இயற்கையாவே இருக்கும். நோயே இல்ல. அதைப் பாத்துட்டு வாழ்க்கையே போச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தவங்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கேன்.

இப்ப அந்தப் பிள்ளை எதுக்கு அழுவுதான்னு தெரியுமா ஒனக்கு? நீ நெனைக்க, பெங்களூரை நெனச்சுன்னு. இல்லலே. நேத்து எங்கிட்டத் தேங்கா திருவிக்கிட்டே கேட்டா, "ஆச்சி, இது புத்துநோயாகிருமா?" ஒங்கிட்டக் கேக்கல பாரு. நீ தட்டட்டியில இருந்த. நான் சொன்னேன், இந்த வைரஸ்ல 200க்கு மேல வகை இருக்கு. மருவுல 100க்கு 90, 6ம் நம்பரும் 11ம் நம்பரும் கொண்டு வர்றது. கர்ப்பவாய்ப் புத்துநோய்ல 100க்கு 70, 16ம் 18ம் பண்ணுற வேலை. ஜெர்மனிக்காரரு ஹரால்ட் சூர் ஹாசன்னு ஒருத்தர் இதைத்தான் கண்டுபிடிச்சாரு. அவரும் மருவுலதான் ஆரம்பிச்சாரு. மருவுல இருந்த வைரஸைப் பிடிச்சுப் புத்துநோய்ல தேடினா, அது அங்க இல்ல. விடாம நோண்டி 1983ல 16ஐயும், 1984ல 18ஐயும் பிடிச்சாரு. 2008ல நோபல் பரிசு கொடுத்தாங்க. கீழ வர்ற மருவை நோண்டி ஒரு மனுசன் நோபல் பரிசு வாங்கியிருக்கான், நீ அதைச் சொல்ல வெக்கப்பட்டுப் பாயைத் தூக்குத.

ஆனா ஒரே ஆளுக்கு ரெண்டு ஜாதி வைரஸும் ஒட்டலாம். அதனால அவளுக்கு மரு இருந்தாலும் இல்லாட்டாலும் கர்ப்பவாய்ச் சோதனை பண்ணிரணும். 30 வயசு தாண்டின பொம்பிளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பாக்காங்க, காசு கெடையாது. புளிச்ச தண்ணி மாதிரி ஒரு மருந்தைத் தொட்டு வச்சு ஒரு நிமிசம் பாப்பாங்க. வெளுத்தாப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. அவ்வளவுதான். நீ கூடப் போ. வெளிய பெஞ்சுல உக்காந்து போனை நோண்டு, பரவாயில்ல, ஆனா போ.

தடுப்பூசி போடலாமான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டு 2023ல செர்வாவேக்னு இறக்கியிருக்கான், 6, 11, 16, 18 நாலுக்கும் சேத்து. வந்த மருவை அது போக்காது, இன்னும் ஒட்டாத வகை ஒட்டாமத் தடுக்கும். சின்னப் பிள்ளையிலயே போட்டாத்தான் முழுப் பலன். ஆஸ்திரேலியாவுல 2007லேருந்து பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் போட்டாங்க, சில வருசத்துல இளவட்டங்களுக்கு மருவே அபூர்வம் ஆயிட்டு. ஊசி போடாத பயலுகளுக்கும் சேத்து. ஒங்க அக்கா மகளுக்கு வயசு பதினொண்ணு ஆச்சுல்லா? அக்காகிட்ட இதைப் பேசு. காதுகுத்துக்குக் காசு கொடுத்தியே, ஊசிக்கும் கொடு.

பிள்ளை பெத்துக்கிடலாமான்னு கேக்க வந்து கேக்காம முழுங்குத. தாராளமாப் பெத்துக்கிடலாம், மருவால பிள்ளை உண்டாகுறது நிக்காது. மாசமா இருக்கும்போது மரு கொஞ்சம் வளரும், வீட்டுல தடவுத களிம்பை நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில வேற வைத்தியம் பாப்பாங்க. பெரும்பாலும் சுகப்பிரசவமே ஆகும். பிள்ளைக்கு ஒட்டுறது ரொம்ப அபூர்வம்.

மத்தபடி ரெண்டு வருசம் ஒண்ணாப் படுத்து எந்திரிச்சவங்களுக்குள்ள ஒருத்தர்ட்ட இருக்கிறது மத்தவருக்கு அநேகமாப் போயிருக்கும். இப்பப் போயி தட்டட்டியில தனிப்பாய் விரிச்சா வைரஸு ஏமாந்துருமா? மரு வெளிய தெரியுதப்பவும், புண்ணு ஆறுத வரைக்கும் கொஞ்சம் அடங்கி இரு. ஆணுறை போட்டாக் கொறையும், முழுசா நிக்காது, அது மூடாத தோலும் மனுசனுக்கு இருக்குல்லா. ஆனா அடங்கி இருன்னா மொகத்தைத் திருப்பிக்கிட்டுக் கெடன்னு அர்த்தம் இல்ல. அவ பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சா எந்த மருவும் முளைக்காது. "திரும்ப வந்துட்டு, எனக்கும் பயமா இருக்கு"ன்னு ஒரு வாக்கியம் சொல்லு. இவ்வளவு பெரிய கம்பெனியில இங்கிலீசுல மணிக்கணக்காப் பேசுதியே, தமிழ்ல ஒரு வரி வராதாலே?

எந்திரி. பாயை எங்கன இருந்து எடுத்தியோ அங்கயே கொண்டு போடு. திங்கக்கிழமை காலையில ரெண்டு பேரும் சேந்து போயி ஓ.பி. சீட்டு வாங்குங்க. போறப்ப அவளை எங்கிட்ட ஒரு அஞ்சு நிமிசம் அனுப்பு. புருசன் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டா என்ன பண்ணணும்னு அவளுக்குத் தனியாச் சொல்லணும். என்னன்னு நீ கேக்காத. ஒங்க தாத்தா சாகுத வரைக்கும் அவருக்கே தெரியாது.