இடம் போட்டாச்சு

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது. கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். ஆள் பாதி நாள்தான் வருகிறான், மேசை மட்டும் எதற்கு முழுசாக என்று நிர்வாகம் கணக்குப் போட்டு, ஒரு மாடியைக் காலி செய்து வாடகையை மிச்சம் பிடித்தது. இப்போது முன்கூட்டியே செயலியில் இடம் போட வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய விரல்கள் முந்திக்கொள்ளும். அசந்தவர்களுக்குக் கழிப்பறை வாசல்.

முதலில் நிரம்புவது ஜன்னலோரம் அல்ல, கிழக்கு பார்த்த மேசைகள். பகல் முழுக்கத் திரைச்சீலை இழுத்து மூடிய ஏழாவது மாடியில் கிழக்கு எது என்று சூரியனுக்கே தெரியாது. ஆனாலும் வாஸ்து பார்த்து உட்கார்ந்தால் நிரலில் பிழை வராது என்று என் குழுவில் ஒருவர் சத்தியம் செய்கிறார். அவருடைய பிழைகளைத் திருத்துகிறவன் நான் என்பதால் இதில் கருத்துச் சொல்வது முறையாகாது.

எப்படி உட்கார வேண்டும் என்று ஹெச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். முழங்கை 90 டிகிரியில் மடங்க வேண்டும். பாதம் தரையில் பதிய வேண்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் மேசையின் உயரம் மாறாது, என் உயரமும் இனி மாறப்போவதில்லை. முழங்கைக்காக நாற்காலியை ஏற்றினால் கால் அந்தரத்தில் ஆடுகிறது; காலைத் தரைக்குக் கொண்டுவந்தால் மேசை நெஞ்சில் முட்டுகிறது. கண்ணுக்குத் தனி விதி: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்க வேண்டும். எனக்கு இருபதடி தள்ளி இருப்பது மேலாளர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "ஏதாவது பேசணுமா?"

திரையை உயர்த்துவதற்கு உலகம் முழுக்க ஒரே வழி, ஏ4 காகிதக் கட்டு. ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம். இரண்டு கட்டு வைத்தால் கழுத்துவலி போய்விடும். கஷ்டம் என்னவென்றால், பிரின்டருக்கும் அதே காகிதம்தான் தீனி. காலையில் கண்ணுக்கு நேராக இருந்த திரை, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது. யாரோ மகளின் அரையாண்டுத் தேர்வு மாதிரி வினாத்தாள்களை அச்செடுத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல், இரண்டு பிரதி.

நாற்காலிக்குச் செயலி கிடையாது. அது பலம் உள்ளவன் சொத்து. நல்ல நாற்காலிகள் எவை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றில் கைக்குட்டை கட்டியிருக்கும், ஒன்றின் முதுகில் வெள்ளை டேப்பில் பெயர் இருக்கும், அந்தப் பெயரின் மேல் இன்னொரு டேப்பில் இன்னொரு பெயர் இருக்கும். எனக்கு வாய்த்தது காற்று இறங்கும் ரகம். அமெரிக்கக் கிளையன்டோடு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே சீராகக் கீழே போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் திரையில் நெற்றியும் வழுக்கையும் மட்டும் மிஞ்சின. யாரும் எதுவும் கேட்கவில்லை; பண்பானவர்கள்.

நாற்காலியைப் பற்றி ரொம்பவும் புலம்ப நாக்கு கூசுகிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். தி.நகரில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே புடவை விரித்துப் போட்டவர்களுக்கு, உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. இருந்தாலும் புகார் எழுதிப் போட்டேன். 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. நாற்காலி அப்படியே இருக்கிறது.

அடுத்து ஏசி. அலுவலகக் குளிருக்கான கணக்கு 1960-களில் ஒரு சராசரி ஆணின் உடல் உண்டாக்கும் சூட்டை வைத்துப் போட்டது, பெண்களுக்கு அது ஒத்துவராது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இரண்டு பேர் எழுதினார்கள். பக்கத்து மேசை மேடத்துக்கு அந்த ஆய்வு தேவைப்படவில்லை. வெளியே கத்திரி வெயில் கொளுத்த, உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மேசை மேல் ஏறி, தீபாவளி ஸ்வீட் பெட்டி அட்டையைக் குளிர்க்காற்று வரும் ஓட்டையில் ஒட்டினார். அவர் பக்கம் அடங்கியது. அடைபட்ட காற்று திரும்பி என் உச்சந்தலையில் இறங்கியது. பெட்டியின் மறுபாதி அட்டையை அவரே எனக்குத் தந்தார். இப்போது எங்கள் இருவர் காற்றும் மேலாளர் மேல் போகிறது.

தடுப்புகளை எடுத்துவிட்டால் ஊழியர்கள் கலகலவென்று பேசுவார்கள் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். அப்படித் திறந்தவெளிக்கு மாறிய இரண்டு நிறுவனங்களை அளந்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது: நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்து, மெயில் கூடியிருந்தது. உண்மைதான். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தம்பி எனக்குச் சாட்டில்தான் எழுதுகிறான்: 'ப்ரோ, கொஞ்சம் மெதுவா டைப் பண்ணுங்க.'

சென்ற ஆயுத பூஜைக்குத்தான் உண்மையான சிக்கல் வந்தது. முன்பெல்லாம் அவரவர் கணினிக்கு அவரவர் பொட்டு. இப்போது எது யாருடையது? லேப்டாப் வீட்டுக்குப் போய்விடுகிறது. விவாதித்துக் கடைசியில் பிரின்டர் பக்கத்து மேசையில் இருக்கும் பெரிய திரையைப் பொதுவில் அலங்கரிப்பதென்று முடிவானது. மாலை போட்டு, பொரி கடலை படைத்து, உச்சியில் நடுவாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அங்கேதான் கேமரா இருக்கிறது.

ஹவுஸ்கீப்பிங் அக்காவைத் துடைக்கச் சொன்னால், "சாமிக்கு வெச்ச பொட்டு சார், நான் கை வைக்க மாட்டேன்" என்று போய்விட்டார். எங்களுக்கும் தைரியம் இல்லை. கேமரா வேலை செய்யவில்லை என்று பொய் சொல்ல வேண்டாத ஒரே மேசை இப்போது அதுதான். அடுத்த வாரம் முழுக்க நான் அங்கே இடம் போட்டிருக்கிறேன்.