7.8 மில்லிமீட்டர் குறைகிறது, ஐயா!

பெறுநர்: இந்திய தர நிர்ணய அமைவனம், தென்மண்டல அலுவலகம், தரமணி, சென்னை.

அனுப்புநர்: சாந்தோம் வட்டாரக் கத்தரிக்கோல், பசை, ஜிகினா உபயோகிப்பாளர்கள்.

பொருள்: வீட்டு பிரிண்டரில் பூப்போட்ட தாள் அடிப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1947-இல் இந்தியத் தர நிறுவனமாகத் தொடங்கி 1987-இல் இன்றைய பெயரை ஏற்ற தங்கள் அமைவனத்துக்குச் சாந்தோம்வாசிகள் பட்டிருக்கும் கடன் கொஞ்சநஞ்சமல்ல. குக்கர் வெடிக்காமல் சோறு வேகிறது. கழுத்துச் சங்கிலியில் ஹால்மார்க் இருக்கிறது. ஹெல்மெட் தலையைக் காக்கிறது, தலையில் போட்டால். பிரிண்டரையும் தாங்கள் விட்டுவைக்கவில்லை. 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே அது இடம்பிடித்துவிட்டது. ஆகவே வீட்டுக்கு வரும் பெட்டி ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காது என்பதற்கு அரசாங்கமே ஜவாப்தாரி. அது எத்தனை பூ அடிக்கும் என்று கேட்டால்தான் ஆளைக் காணோம்.

மனுதாரர் சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் குடியிருக்கும் இல்லத்தரசி. பெயர் தேவையில்லை, அந்தப் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒருவர் அவர்தான். அண்ணன் மகளின் முதல் நற்கருணை ஆல்பம், எதிர்வீட்டு மாமியின் கொலு அழைப்பிதழ், மகனின் பள்ளி ப்ராஜெக்ட் எல்லாம் அவர் மேசையில்தான் முடிகின்றன. கடையில் விற்கும் டிசைன் தாள் அவருக்கு அலுத்துவிட்டது. 1896-இல் இன்றைய உருவில் எழும்பிய சாந்தோம் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் படமெடுத்து, அதையே ஆல்பத்தின் பின்னணித் தாளாக அடிக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு ஒரு பிரிண்டர் வாங்கக் கிளம்பியதுதான் இந்த மனுவுக்கு மூலகாரணம்.

முதல் சிக்கல் நீளம். இந்த நாடு 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு மாறியது. அடியும் அங்குலமும் முறைப்படி விடைபெற்றன. ஆனால் ஆல்பத்துக்கான ஸ்கிராப்புக் தாள் அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம். அங்கே ஏ4 என்றால் யாரென்று கேட்பார்கள். ஸ்கிராப்புக் தாளின் அளவு 12-க்கு 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். வீட்டு பிரிண்டரின் ஏ4 வாய் 210 மில்லிமீட்டர். சரி, கூடக் காசு போட்டுப் பெரிய ஏ3 வாங்கினால்? அதன் அகலம் 297. இடிக்கிறது 7.8 மில்லிமீட்டர். அதைத் தாண்ட 329 மில்லிமீட்டர் அகலத் தாள் போகும் ஏ3 ப்ளஸ் இயந்திரம்தான் வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு கீற்றுக்காக அடுத்த விலைப்படிக்கு ஏறச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

தாளுக்கும் எழுத்துக்கும் பொருந்தாத தொல்லை இந்தக் கரைக்குப் புதிதல்ல. முந்நூறு ஆண்டுக்கு முன் தரங்கம்பாடியில் மதபோதகர் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன, தாளை விழுங்கின. இந்தக் கரையிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். தாளுக்கு ஏற்றபடி கருவியை மாற்றிய மனிதர்கள் அவர்கள். இப்போது கருவிக்கு ஏற்றபடி ஆல்பத்தை வெட்டச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வெளிப்பட்டது. வைஃபை இருக்கிறது, ஸ்கேனர் இருக்கிறது, ஜெராக்ஸ் இருக்கிறது, செல்போனிலிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம் என்று அடுக்கிய கடைப் பையனிடம் மனுதாரர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, 250 ஜிஎஸ்எம் கார்டு ஷீட் போகுமா?" "போகும் மேடம்… ஒவ்வொண்ணா விட்டுப் பாருங்க." அந்த 'விட்டுப் பாருங்க'வில்தான் விஷயம் இருக்கிறது. தாளைக் கீழ்த்தட்டில் வைக்கும் மாடல்களில் அது உருளையைச் சுற்றி வளைந்து திரும்பி வெளியே வரும். ஜெராக்ஸ் தாள் 75, 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம்), அது வளையும். கெட்டி அட்டை சுருளும், சிக்கும், சில சமயம் மடிந்தே வரும். பின்பக்கத்திலிருந்து ஏறக்குறைய நேராக இறங்கும் மாடலில்தான் அட்டை மரியாதையாக வெளியே வரும். ஸ்கிராப்புக் செய்பவர் பிரிண்டரின் முகத்தைப் பார்ப்பதை விட முதுகைப் பார்ப்பது நல்லது. பெட்டியின் மேலோ முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பெட்டியின் மேல் இருப்பது வேறு: கறுப்பு 4,500 பக்கம், வண்ணம் 7,500 பக்கம். இந்த எண்ணுக்குப் பின்னால் சர்வதேசத் தரங்கள் உண்டு: அளக்கும் முறைக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 24711, சோதனைப் பக்கங்களுக்கு 24712. அந்தச் சோதனைப் பக்கங்களில் ஒவ்வொரு நிற மையும் தாளில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் படும். அலுவலகக் கடிதத்தில் மூலையில் ஒரு லோகோ, நடுவில் ஒரு வரைபடம், அவ்வளவே. (பாட்டிலிலிருந்து மை ஊற்றும் சில டேங்க் பிரிண்டர்களின் அடிக்குறிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால், சோதனைப் பக்கம் மட்டுமே சர்வதேசத் தரத்தினுடையது, கணக்கு எங்கள் சொந்தக் கணக்கு என்று எழுதியிருக்கும்.) பேராலய ஜன்னலின் நீலம் 5 சதவீதத்தில் நிற்குமா? தாள் முழுக்க ஒரு நிறத்தை நிரப்பினால் அந்த மையின் கணக்கு இருபதில் ஒரு பங்காகிறது: 7,500 போய் 375. பன்னிரண்டு அங்குலச் சதுரம் பரப்பில் ஏ4-ஐப் போல ஒன்றரை மடங்கு. 375 போய் 250. இடையில் அடைத்த முனையைச் சுத்தம் செய்யும்போது பிரிண்டர் தானே குடித்துக்கொள்ளும் மை தனி. அந்தச் சோதனையின் அறை வெப்பம் 23 டிகிரி என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சாந்தோமில் 23 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் மட்டும் கிடைக்கும் பண்டம்.

மை ரகத்தையும் பெரிய எழுத்தில் யாரும் சொல்வதில்லை. டை மை பளீரென்று இருக்கும், நீரில் கரையும். பிக்மென்ட் மை தாளின் மேல் உட்கார்ந்து ஈரத்தைத் தாங்கும். வீட்டு டேங்க் பிரிண்டர் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற நிறங்கள் டை. விளைவு: அடித்த தாளின் மேல் வெள்ளைப் பசையைத் தடவிவிட்டால் பிள்ளையின் பெயர் அப்படியே நிற்கும், பெயரைச் சுற்றிய ரோஜா ஓடிவிடும். கடற்கரை ஈரக்காற்று அந்த வேலையை நிதானமாகச் செய்யும். இந்தக் காரணத்தால்தான் அனுபவசாலிகள் ஈரப்பசையை விட்டு இருபக்க டேப்புக்குப் போனார்கள். லேசர் வாங்கலாமே என்பார் பக்கத்து வீட்டு மாமா. டோனர் ஈரத்துக்கு ஓடாது, உண்மைதான். ஆனால் அது சூட்டில் உருகி ஒட்டும் பொடி. சொரசொரப்பான கைத்தாளில், உதாரணத்துக்கு 1959 முதல் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கூடத்தில் செய்துவரும் தாளில், பள்ளங்களில் அது ஒழுங்காகப் பிடிக்காது. இங்க்ஜெட்டுக்கான பளபளப்புப் போட்டோ தாளை லேசரில் விட்டால் மேற்பூச்சு உருகி இயந்திரத்துக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே மனுதாரர் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மின்சாரப் பாதுகாப்பைப் பார்க்கும் அதே கையால், பெட்டியின் மேல் இன்னும் சில வரிகள் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை ஜிஎஸ்எம் அட்டை எந்த வழியாகப் போகும், எந்த மை டை, எது பிக்மென்ட், தாள் முழுக்க நிறம் அடித்தால் ஒரு பாட்டில் எத்தனை தாளுக்கு வரும். அந்தக் கடைசி எண்ணுக்கு ஒரு சோதனைப் பக்கம் தேவைப்பட்டால் சாந்தோமில் ஜன்னல்கள் இருக்கின்றன, மயிலாப்பூரில் மயில் இருக்கிறது. மயில் கழுத்தை ஒழுங்காக அடிக்கும் இயந்திரத்துக்கு மற்ற நிறங்கள் பொருட்டே இல்லை.

தரமணியிலிருந்து பதில் வரும்வரை மனுதாரர் எடுத்திருக்கும் இடைக்கால முடிவையும் தெரிவித்துவிடுகிறார். ஆல்பம் வேலைக்கு ஆறு நிற மை, பின்பக்கத் தாள் வழி உள்ள இங்க்ஜெட்தான் சரி. எப்சன் எல்8050 போன்ற ஏ4 ரகம் பூ, லேபிள், போட்டோவுக்குப் போதும். மாதாமாதம் பெரிய ஆல்பம் செய்து விற்பவர் மட்டும் எல்18050 போன்ற ஏ3 ப்ளஸுக்குப் போகலாம். வருஷத்துக்குச் சில பன்னிரண்டு அங்குலத் தாள் மட்டும் தேவைப்படுபவர் பிரிண்டரே வாங்க வேண்டாம். பென் டிரைவோடு திருவல்லிக்கேணி டிஜிட்டல் பிரிண்ட் கடைக்குப் போய் '12-க்கு 18' ஆர்ட் போர்டில் அடித்து, அங்கேயே வெட்டி வாங்கிவரட்டும்.

அடுத்த நவராத்திரிக்குள் மேற்படி வரிகள் பெட்டியின் மேல் ஏற ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்கள்,

இப்படிக்கு,
சாந்தோம் வட்டாரக் கத்தரிக்கோல், பசை, ஜிகினா உபயோகிப்பாளர்கள்